யூடியூப் ஓடுது, மெயில் மட்டும் திறக்கல: காரைக்குடி பிராட்பேண்டோடு மல்லுக்கட்டிய கதை

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது பேங்க் வேலை, ஆதாரில் முகவரி மாற்றம், கேஸ் புக்கிங் எல்லாம் நான் பயந்த அளவுக்கு இல்லை, மளமளவென்று முடிந்துவிட்டன. உயிரை வாங்கியது வீட்டு இன்டர்நெட்தான். அடியோடு வராமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, போன் போட்டு நாலு சத்தம் போட்டிருக்கலாம். யூடியூப் ஓடுகிறது, அப்பாவின் சீரியல் நிற்காமல் ஓடுகிறது, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ கால் பளிச்சென்று வருகிறது, நான் பல வருஷமாகக் காசு கட்டி வைத்திருக்கும் ஒரு ஐரோப்பிய மெயில் சேவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. சிங்கப்பூர் பேங்க், இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாக் கடிதமும் அதற்குத்தான் வரும் என்பதால் விட்டுத்தள்ளவும் முடியவில்லை.

கேபிள் டிவி கொடுப்பவர் மூலமாக வரும் ஃபைபர் லைன் அது. கம்பெனி பெயர் வேண்டாம்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "கவர்மென்ட்டுல தடை பண்ணியிருப்பாங்க." அப்படி நினைப்பதிலும் தப்பில்லை. 2024 பிப்ரவரியில் சென்னையில் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தபோது புரோட்டான் என்ற சுவிட்சர்லாந்து மெயில் சேவையை முடக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. 2025 ஏப்ரல் கடைசியில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதே சேவையை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவே போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. நான் வைத்திருப்பது புரோட்டான் இல்லை, ஆனாலும் வெளிநாட்டு மெயில் என்றாலே நம் ஆட்களுக்கு அந்த ஞாபகம்தான்.

போதாக்குறைக்குச் சாட்சிகளும் அந்தப் பக்கமே நின்றன. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் மெயில் வருகிறது. வீட்டு வைஃபையிலேயே விபிஎன் (வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் வழி) போட்டாலும் வருகிறது. விபிஎன் போட்டதும் வந்துவிட்டால் தடைதான் என்று கேஸை முடித்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அது ஒட்டவில்லை, ஏனென்றால் தடை செய்த தளத்தைத் திறந்தால் பொதுவாக உடனே ஏதாவது ஒன்று நடக்கும்: தடை அறிவிப்புப் பக்கம் வரும், அல்லது இணைப்பு பட்டென்று அறுந்து பிரவுசர் பிழை காட்டும், அல்லது அந்த முகவரியே இல்லை என்று சொல்லும். மெயில்காரர்களே நம் ஐபியை (நம் லைனின் இணைய முகவரியை) சந்தேகப்பட்டு ஒதுக்கியிருந்தால் (ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிரும் லைன்களில் அது நடக்கும்) அனுமதி இல்லை என்று ஒரு பக்கமாவது வரும். இங்கே எதுவும் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று கை விரிக்கிறது.

கஸ்டமர் கேர் பற்றி நீட்டி எழுத ஆசைதான், ஆனால் அங்கே நடந்தது கொஞ்சம். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், பிரவுசரில் கேஷ் அழியுங்கள், ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். போட்டேன், திட்டத்தில் சொன்ன வேகம் அப்படியே வந்தது. "மத்த சைட்டெல்லாம் வருதா சார்? அப்ப நெட் நல்லாத்தான் சார் இருக்கு, அந்த மெயில்காரங்ககிட்ட கேளுங்க." மெயில்காரர்களுக்கு எழுதினால், உங்கள் இணைப்பு நிறுவனத்தைக் கேளுங்கள் என்று மரியாதையாகப் பதில். அவ்வளவுதான்.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் தளத்தின் பெயருக்கு ஐபி தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்கினேன், அப்புறம் 8.8.8.8, மாற்றமில்லை. ஐபிவி6 என்ற புது முகவரி முறையை அணைத்தேன், அப்போதும் அதே சுற்றல். பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று சின்னதாகக் கூப்பிட்டுப் பார்ப்பது) மெயில் சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, ஆகவே பாதை அடைபடவில்லை. பிரவுசரின் கீழ் மூலையைக் கவனித்தபோதுதான் பிடி கிடைத்தது: இணைப்பு கிடைக்கிறது, பாதுகாப்பு ஒப்பந்தம் போடும் இடத்தில், அதாவது சர்வர் தன் சான்றிதழை அனுப்ப வேண்டிய கட்டத்தில், நின்றுவிடுகிறது. சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் (தகவல் பொட்டலங்கள்) வருகின்றன, பெரியது வரும்போது மாட்டிக்கொள்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிங் கட்டளையிலேயே 'துண்டாக்காதே' என்ற குறியைப் போட்டு அளவையும் கொடுக்கலாம். 1472 கொடுத்தேன், போகவில்லை. 1464 கொடுத்தேன், போனது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைன் என்றால் அந்த உறைக்கு 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. பிங்கின் தலைப்புக்கு 28 கழித்தால் 1464. முழு 1500 போகும் லைன் என்றால் 1472 போயிருக்கும்.

1492 என்பது கோளாறு இல்லை, ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான். அதை வீட்டுப் பாக்ஸ் (ரவுட்டர்தான்) சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை என்பதுதான் கோளாறு. இணைப்பு தொடங்கும்போதே "என் பக்கம் இதற்கு மேல் பெரிசாக அனுப்பாதே" என்று எதிர்முனைக்குச் சொல்லும்படி பாக்ஸ் அளவைத் திருத்திவிட வேண்டும், இதற்கு எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்று பெயர். திருத்தாவிட்டால் மெயில் சர்வர் முழு 1500க்குக் கட்டி அனுப்பும். ரயில்வே பாலத்துக்கு அடியில் வைக்கோல் லாரி வந்து நிற்கிற மாதிரி அது கம்பெனிக்காரனின் கருவியில் வந்து நிற்கும். அந்தக் கருவி "பெரிசா இருக்கு, குறைச்சு அனுப்பு" என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் கருவிகள் கோளாறு சொல்லிக்கொள்ளும் முறை) வழியாகத் திருப்பிச் செய்தி விடும். நல்ல சர்வர் கேட்டுக் குறைத்துக்கொள்ளும். பாதுகாப்பு என்று சொல்லி பிங்கை மட்டும் விட்டு மற்ற ஐசிஎம்பி செய்திகளை ஃபயர்வாலில் கண்மூடித்தனமாகத் தள்ளிவிடும் இடங்களில் அந்தச் செய்தி போய்ச் சேராது, சர்வர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும், நாம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மற்றதெல்லாம் ஓடியது ஏன் என்பதும் இதிலேயே அடக்கம். யூடியூப் பெரும்பாலும் க்விக் என்ற முறையில் வருகிறது, அது 1200 பைட் அளவில் ஆரம்பித்துப் போகும் என்பதால் இடிக்காது. விபிஎன் தன் உறைக்கு இடம் விட உள்ளே இருப்பதைச் சின்னதாக்குகிறது, அதனால்தான் அதிலும் மெயில் வந்தது. போன் டேட்டாவில் இந்தப் பாக்ஸே கிடையாது.

லேப்டாப்பில் மட்டும் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1492 என்று மாற்றினேன், மெயில் சடாரென்று திறந்துவிட்டது. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் அதைச் சும்மா மாற்ற முடியாது, அதனால் பாக்ஸில் கை வைத்தாக வேண்டும். பாக்ஸின் பாஸ்வேர்டு கேபிள்காரர் கையில்.

லைன் பார்க்க ஒரு தம்பி வந்தான். வந்ததும் பச்சைக் கனெக்டரைக் கழற்றி, முனையைத் துடைத்து, பவர் மீட்டரில் சொருகினான். மைனஸ் 21. "லைட்டு சூப்பரா இருக்குண்ணே" என்றான். ஒளி நன்றாக இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது, அவன் வேலை அதோடு முடிகிறது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான், அவனைக் குறை சொல்ல முடியாது. நான் எம்டியூ கதை எதையும் எடுக்கவில்லை. ஒரே வைஃபையில் லேப்டாப்பையும் அப்பாவின் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மெயிலைத் திறந்து காட்டினேன். ஒன்றில் வருகிறது, ஒன்றில் சுற்றுகிறது. அப்புறம் லேப்டாப்பில் 1500 என்று திருப்பிப் போட்டேன், அதிலும் சுற்றியது. தம்பி என் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், "அந்த நம்பரா அண்ணே?" என்றான். உடனே ஆபீசுக்குப் போன் போட்டுப் பாஸ்வேர்டு வாங்கி, பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1 திறந்து, வேன் (WAN, வெளி இணைப்பு) பகுதியில் 1500 என்று இருந்ததை 1492 ஆக்கிச் சேமித்தான். பாக்ஸ் மறுபடி டயல் ஆனது. அப்பாவின் போனில் மெயில் வந்துவிட்டது.

சந்தோஷம் மறுநாள் வரைதான். கரண்ட் போய் வந்ததும் பழையபடி 1500. கம்பெனியின் சர்வரிலிருந்து பாக்ஸுக்குச் செட்டிங்ஸ் தானாக இறங்குகிறது, நாம் கையால் மாற்றியதை அது அழித்துவிடுகிறது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், அவன் கேபிள்காரரிடம் சொல்லி, அவர் மேலே யாரிடமோ சொல்லி, எங்கள் கணக்கின் ப்ரொஃபைலிலேயே மாற்ற வைத்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் பல தடவை போனது, எண் மாறவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் இதே மாதிரி ஒரு தளத்தில் மட்டும் மாட்டினால் கஸ்டமர் கேரில் "தளம் வரவில்லை" என்று சொல்லாதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "பிபிபிஓஇ எம்டியூ 1492 ஆகணும், எம்எஸ்எஸ் கிளாம்பிங் போடணும்" என்று அதே வார்த்தைகளில் எழுதச் சொல்லி டாக்கெட் எண் (புகார் எண்) வாங்கிக்கொள்ளுங்கள். அதை முடிக்காமல் மூடினால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி கம்பெனிகள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், அங்கே போகும்போது அந்த எண் கையில் இருப்பது நல்லது. எனக்கு அதுவரை தேவைப்படவில்லை. சென்னை ஏர்போர்ட்டில் நிற்கும்போது கம்பெனியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, காரணம் வேகக் குறைவு.