பரங்கிப்பேட்டையா, புதுச்சேரியா: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எங்கே போகலாம்?

கல்லூரி லேபை விட்டு வெளியே போய் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றால் நம் பக்கத்தில் அடிபடுகிற பெயர்கள் மூன்று. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டியுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதே புதுச்சேரியின் இந்திரா நகரில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்; நோய்க்கடத்தி என்றால் கொசு போல நோயைப் பரப்பும் உயிரி. நான் படித்தது விலங்கியல், எடுத்தது மிதவை உயிரிகள் (நீரோட்டத்தோடு மிதந்து போகும் பிளாங்க்டன்), போனது பரங்கிப்பேட்டை. ஆகவே இதில் பாரபட்சம் இருக்கும்.

பஸ், சாப்பாடு, அறை எல்லாவற்றிலும் புதுச்சேரிதான் வசதி. பரங்கிப்பேட்டைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ் ஏறினால் பி.முட்லூரில் இறங்கி மாற வேண்டும். எங்கே போனாலும் துறைத்தலைவரின் கடிதம் தேவை, அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எடுக்கிற மாதிரி எவ்வளவு நேரம் தாங்கும்?

கழிமுகத்தில் வலை இழுத்து எடுத்த மிதவை உயிரிகளை வாளியில் வைத்து வெயிலில் பஸ் ஏறினால், ஆக்சிஜன் குறைந்து பாதி வழியிலேயே சாகத் தொடங்கிவிடும். ஃபார்மலின் ஊற்றினால் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள் மாதிரி ஓடு உள்ளவை நிற்கும். சீப்பு ஜெல்லி போன்ற மென்னுடலிகள் பெரும்பாலும் உருக்குலைந்துவிடும், நிறமும் போய்விடும். தண்ணீரின் கதையும் அதேதான். கரைந்த ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் முறைக்கான ரசாயனத்தைப் படகிலேயே சேர்த்தாக வேண்டும். குளோரோஃபில்லுக்கு வெளிச்சம் படாமல் சீக்கிரம் வடிகட்ட வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் அளவெல்லாம் பாட்டிலுக்குள் இருக்கிற நுண்ணுயிர்களாலேயே மாறிக்கொண்டிருக்கும். ஆற்றங்கரையிலேயே லேப் இருப்பதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. உயிரோடு நீந்துகிற லார்வாவை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு ஃபார்மலின் பாட்டிலில் இருப்பதையும் அடையாளம் காண்பது சுலபம். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மையத்தில் கடல் உயிரின அருங்காட்சியகமும் இருக்கிறது. சுரபுன்னைக் காட்டில் வேலை என்றால் பிச்சாவரமும் பக்கம்.

பிரெஞ்சு நிறுவனத்தின் பலம் இதற்கு நேர்மாறு. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களின் பெரிய உலர்தாவரத் தொகுப்பும், ஒப்பிட்டுப் பார்க்க மகரந்த ஸ்லைடுகளும் இருக்கின்றன. மகரந்தத்தின் வெளிச்சுவர் அமிலத்துக்கே அசையாது, சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அப்படிப்பட்ட மாதிரிக்கு ஒரு வாரத் தாமதம் பெரிய விஷயமே இல்லை. தாவரவியல் மாணவர் என்றால் நான் சொன்னதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே போங்கள்.

கொசு, பூச்சி பக்கம் போகிறவர்களுக்கு இந்திரா நகர்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அங்கே வேலை செய்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது.

பரங்கிப்பேட்டையை முடிவு செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாற்றில் நன்னீர் இறங்கி உப்பு சரிந்துவிடும், கோடையில் கிட்டத்தட்ட கடல் நீர்தான். கடைசி செமஸ்டரில் போனால் மழைக்காலம் கைவிட்டுப் போயிருக்கும். தலைப்பில் ‘பருவ மாற்றம்’ என்று எழுதுகிறவர்கள் மூன்றாம் செமஸ்டரிலேயே மாதிரி எடுக்கத் தொடங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் கடலின் ஏற்றவற்றம் (ஓதம்) ஒரே நிலையில் இருக்கும்போது. ஒருநாள் ஏற்றத்திலும் மறுநாள் வற்றத்திலும் எடுத்தால், உப்பு மாறியது மழையாலா ஓதத்தாலா என்று கைடு கேட்கும்போது பதில் இருக்காது.