"ஆல்டரேஷன் ஃப்ரீ" என்றால் உஷார்: கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் கோட்டு சூட் எடுக்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்துக்கடை ஒன்றில் 13,500 ரூபாய்க்கு எடுத்த ரெடிமேட் சூட் இது. எடுத்தவர் அல்சூர் பையன், ரிசப்ஷனுக்காக எடுத்தது. கடைப் பெயரைப் போடவில்லை. இந்த வித்தையை அந்த ஒரு கடை மட்டும் செய்வதில்லை.

பையனுக்கு மார்பு 40. பிடித்த நேவி புளூவில் 40 இல்லை, 44 தான் இருந்தது. பையன் தமிழில் பேசுவது காதில் விழுந்ததும் சேல்ஸ்மேனும் தமிழுக்கு மாறிவிட்டார். "அதுக்கென்ன தம்பி, உள்ள புடிச்சுக் குடுத்துடறோம். ஆல்டரேஷன் ஃப்ரீ." நாலு இடத்தில் குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, மூன்றாம் நாள் டெலிவரி. போட்டுப் பார்த்தால் அண்ணன் கோட்டைத் தம்பி மாட்டிய மாதிரி. திருப்பிக் கொடுக்கப் போனால், "ஆல்டர் பண்ணின பீஸை எடுக்க மாட்டோம்" என்றார்கள்.

சூழ்ச்சி அங்கேதான். இலவச ஆல்டரேஷன் என்பது சலுகை மாதிரி தெரியும். கத்திரி பட்ட நிமிஷமே சரக்கு உங்கள் தலையில் கட்டியாகிவிட்டது.

கோட்டின் லைனிங்கைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. பக்கத் தையல் இரண்டிலும் சேர்த்து நாலு அங்குலம் பிடித்திருக்கிறார்கள். ஒரு கோட்டில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை அங்குலம்தான் அப்படிப் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பாக்கெட் மூடியின் பின்முனை தையலிலேயே போய் முட்டும், பின்பக்க வெட்டு இரண்டும் வாத்து வால் மாதிரி விரியும். இதில் இரண்டும் நடந்திருக்கிறது. பிடித்த துணியை உள்ளே மடித்து விட்டிருந்தால் கொஞ்சமாவது மீட்கலாம். கால் அங்குலம் விட்டு மீதியை வெட்டி ஓவர்லாக் அடித்துவிட்டார்கள். வெட்டிய துணியை எதை வைத்து ஒட்டுவது?

தோளை யாரும் தொடவே இல்லை. பையனின் தோள் பதினேழரை அங்குலம், கோட்டின் தோள் பதினெட்டே முக்கால். தோளுக்குள் வைத்த பேட் வெளியே துருத்தி, அதன் கீழே கையில் ஒரு குழி விழுந்திருக்கிறது. தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, பேடை எடுத்து, தோள் ஓரத்தை மறுபடி வெட்டி, கையின் தலைப்பகுதியைப் புதிதாக ஏற்ற வேண்டும். நல்ல மாஸ்டருக்கே அரைநாள் வேலை. "ஃப்ரீ"யாக அதை எவரும் செய்து தர மாட்டார்கள். அதனால் ரெடிமேட் எடுக்கும்போது தோளைப் பார்த்து அளவு எடுங்கள், மார்பும் இடுப்பும் அப்புறம். சோதிக்கச் சுவர் ஒன்று போதும்: கோட்டை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் சுவரை ஒட்டி நில்லுங்கள். உங்கள் கைச் சதைக்கு முன்னால் பேட் சுவரில் இடித்தால் அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிடலாம்.

அடுத்து காலர். பின்கழுத்தில் சட்டைக் காலரோடு கோட்டுக் காலர் ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் அதை நிமிர்த்துவதும் பெரிய வேலைதான். உயரமும் அப்படியே. கீழே ஒரு அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் பாக்கெட் தரையில் விழப்போகிற மாதிரி இருக்கும். கோட்டு பின்புறத்தை மூடி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று பட்டன் வைத்த கோட்டில் நடுப்பட்டனைப் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் இழுத்தால் சின்னது. ஒரு முஷ்டி முழுசாக உள்ளே போய்த் தொளதொளவென்று இருந்தால் பெரியது.

கைநீளம் சுலபமான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. இந்தக் கோட்டில் ஒன்றரை அங்குலம் கீழிருந்து ஏற்றியதில் கடைசிப் பட்டன் மடிப்பின் விளிம்பில் வந்து தொங்குகிறது. பட்டனை மேலே தள்ளித் தைக்கலாம்தான், வெட்டாமல் நூலால் மட்டும் போட்ட பழைய பொய்க்காஜாவின் தடம் துணியில் தெரியும். நிஜக் காஜா வெட்டிய கை என்றால் கீழிருந்து தொடவே கூடாது, தோளிலிருந்துதான் தூக்க வேண்டும். சட்டையின் கஃப் அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும், அதுதான் கணக்கு.

அடுத்து பேன்ட். திருப்பிப் பின் நடுத்தையலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் துணி விட்டிருந்தால் இடுப்பைச் சுமார் ஒன்றரை அங்குலம் பெரிதாக்கலாம். சின்னதாக்க இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடும். செட்டாக வரும் சூட்டில் பொதுவாக மார்பு அளவை விட இடுப்பு ஆறு அங்குலம் குறைவாக இருக்கும். 44 கோட்டோடு 38 பேன்ட். இந்தப் பையனின் இடுப்பு 33. ஐந்து அங்குலம் பிடித்ததில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழ்மடிப்பை மட்டும், போடப்போகும் ஷூவை மாட்டிக்கொண்டு கடைசியில் வெட்டச் சொல்லுங்கள்.

இதில் துணிப்பொய்யும் உண்டு. கோட்டின் கையில் "சூப்பர் 120" என்று தைத்திருந்தது. அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிப்பது. உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் முடி கருகிய வாடை அடித்து, சாம்பலாகப் பொடிய வேண்டும். இது உருகி, கருப்பாகக் கெட்டி மணி கட்டியது. சுத்த பாலியஸ்டர்.

"ஃபுல் கேன்வாஸ்", அதாவது கோட்டின் முன்பக்கம் முழுக்க உள்ளே ஒட்டாமல் தைத்து வைத்த தாங்குதுணி, என்றும் சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் பட்டனுக்குக் கீழே மேல்துணியையும் உள்துணியையும் இரண்டு விரல்களால் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் கேன்வாஸ். மேல்துணியோடு அட்டை மாதிரி ஒட்டியே இருந்தால் பசை வைத்து ஒட்டிய சரக்கு. இந்த விலைக்கு ஒட்டியதுதான் கிடைக்கும், அது மோசடி ஆகாது. ஒட்டியதைக் கேன்வாஸ் என்று விற்பதுதான் மோசடி. பசை மட்டமாக இருந்தால் சில டிரைகிளீனிங்கிலேயே மார்பில் கொப்புளம் கிளம்பும், இஸ்திரி போட்டாலும் அமுங்காது.

துணி எடுத்துத் தைக்கிறவர்களுக்கு ஒரே வரி: 58 அங்குல அகலத்தில் கோட்டு பேன்ட்டுக்கு மூன்று மீட்டர், சற்று உயரமானவருக்கு மூன்றேகால் போதும். நாலு மீட்டர் கேட்டால் மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள். துணி மாறவில்லை என்று தெரிய, மில் பெயர் நெய்த கரையை வெட்டி எறியாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இனி பில். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேட் உடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் வேணாம்னா குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு அதனால்தான் இனிக்கிறது. இந்தப் பையன் கையில் இருப்பது "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச்சீட்டு. பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளையும் சேவையையும் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப ஏற்காமல் மறுப்பதும் அப்படித்தான். சைஸ் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. வெட்டிக் கெடுத்த ஆல்டரேஷன் குறையான சேவைதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

மாட்டிக்கொண்டவர்கள் "இன்னொரு தடவை சரிபண்றோம்" என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இருக்கிற சாட்சியும் கத்திரிக்குப் போய்விடும். தோள், பாக்கெட், உள்தையல் மூன்றையும் டேப் வைத்துப் படம் எடுத்து, பணம் கட்டிய யுபிஐ பதிவோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பையன் வசம் இப்போது இருப்பது அதுவும், சிவாஜிநகர் மாஸ்டர் ஒருவர் கோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையும்தான்: "துணியே இல்லியே தம்பி."