ரீமேப்பா, தனி ஈசியூவா: என்ஜின் ரியூனிங் பழக எது நல்லது?

யாழ்ப்பாணக் கராஜ்களில் வேலை பழகும் பெடியளுக்கு என்ஜின் கொம்பியூட்டர் (ஈசியூ) பக்கம் போக இரண்டு வழி உண்டு. ஒன்று ரீமேப்: கம்பனி ஈசியூவில் உள்ள புரோகிராமை லப்டொப்பில் எடுத்து, மாற்றி, திரும்ப எழுதுவது. மற்றது தனி ஈசியூ: கம்பனி ஈசியூவைக் கழற்றி ஸ்பீடுயினோ, மெகாஸ்குயர்ட் போன்ற வேறொரு ஈசியூவைப் பூட்டி எல்லாவற்றையும் நாமே அமைப்பது.

ரீமேப்பில் வயரிங் வேலை குறைவு. ஆனால் ஈசியூ ஃபைலைத் திறந்து மாற்றும் வின்ஓஎல்எஸ் மென்பொருளில் நிரை நிரையாக வரும் எண்களுக்குள் எது எரிபொருள் அட்டவணை, எது டர்போ அழுத்தம், எது முறுக்குவிசை எல்லை என்று பிரித்தறியத் தெரியவேண்டும். ஃபைல் சரியா என்று ஈசியூ சரிபார்க்கும் கூட்டு எண்ணான செக்சம் பிழைத்தால் வாகனம் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். அப்புறம், யாரோ செய்த ஃபைலை வாங்கி ஏற்றியே தொழில் நடத்தவும் இதில் இடமிருக்கிறது. எனக்குப் பயம் அங்கேதான். 98 ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்த மேப்பை இங்கத்தைய 92இல், இந்த வெயிலில் ஓடவிட்டால் என்ஜின் நொக் அடிக்கும், அதாவது கலவை நேரத்துக்கு முந்தித் தானாக வெடித்துத் தட்டும். சுமையோடு தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் உடையும்.

தனி ஈசியூவில் அப்படித் தப்ப முடியாது. ஆர்டுயினோ மெகா என்ற சிறு கொம்பியூட்டர் போர்டில் ஓடும் ஸ்பீடுயினோவை எடுங்கள். கிராங்க் சென்சர் சக்கரத்தில் எத்தனை பல், அதில் எத்தனை பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குப் பிஸ்டன் நிற்கும் இடம் தெரியும். பற்றரி வோல்ற் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கப் பிந்தும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்பார்க் நேரத்தை டைமிங் லைட் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். எரிபொருள் அட்டவணையைக் கட்டம் கட்டமாக நிரப்ப, காற்று-எரிபொருள் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சர் வேண்டும். பல பழைய கார்களில் உள்ள சாதாரண ஒக்சிஜன் சென்சர் 14.7:1 என்ற காற்று-எரிபொருள் விகிதத்துக்கு மேலா கீழா என்று மட்டும்தான் காட்டும். முழுச் சுமையில் 12.5க்கும் 13க்கும் இடையில் நிற்க வேண்டிய கலவையை அதை நம்பி அமைக்க முடியாது.

இருந்தாலும் இன்றைய வாகனங்களுக்குத் தனி ஈசியூ சரிவராது. ஓட்டோ கியர், ஏபிஎஸ், களவைத் தடுக்கும் இம்மொபிலைசர் எல்லாம் ஈசியூவோடு கதைத்துக்கொண்டிருக்கும். கொமன் ரெயில் டீசல் வானுக்கும் ரீமேப்தான் வழி.

அதனால் சம்பாதிக்க ரீமேப், பழகத் தனி ஈசியூ என்பேன். டொயோட்டாவின் ஒரு பழைய 5ஏ-எஃப்இ பெற்றோல் என்ஜினை ஸ்டாண்டில் ஏற்றிப் பழகுங்கள். அடிப்படை போதாது என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. கையில் ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறதென்றால், ரீமேப் கருவிக்கு முன் வைட்பேண்டை வாங்குங்கள்.