வீட்டில் நானே கான்கிரீட் வெட்டுகிறேன்: கிரைண்டர், மார்பிள் கட்டர், பெரிய ரம்பம் எல்லாம் புழங்கிய அனுபவம்

கான்கிரீட் வெட்ட எந்த மெஷின் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு ஆழம் வேண்டும்? வாட்ஸ், கம்பெனி, விலை எல்லாம் அதற்கு அப்புறம். 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர், தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டர், 9 இன்ச் கிரைண்டர் மூன்றும் பல வருஷமாக என்னிடம் இருக்கின்றன. 14 இன்ச் கட் ஆஃப் ரம்பம் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுப்பேன். சுவரில் வயருக்குக் காடி, குளியலறைத் தளத்தில் குழாய்க்கு வாய்க்கால், வாசல் படியின் ஓரத்தைக் குறைப்பது, நடைபாதைக் கல் வெட்டுவது, புதிதாகப் போட்ட தளம் கண்ட இடத்தில் விரிசல் விடாமலிருக்க ஜாயிண்ட் கோடு போடுவது என்று எல்லா வேலைக்கும் இவைதான்.

முதலில் ஆழத்தைப் பற்றி. பிளேடின் அளவில், அதாவது விட்டத்தில், பாதி ஆழம் வெட்டும் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். அப்படி வெட்டாது. நடுவில் நட்டும் வாஷரும் இருக்கின்றன, அதற்கு மேல் கியர் தலை, பிளேடை மூடும் கார்டு. அத்தனையும் போக 4 இன்ச் பிளேடில் கிடைப்பது 25 முதல் 30 மி.மீ., 5 இன்ச்சில் 35 பக்கம், 9 இன்ச்சில் 65 முதல் 75, 14 இன்ச் ரம்பத்தில் சுமார் 120. நடுவில் அச்சே இல்லாமல் விளிம்பைப் பிடித்துச் சுழற்றும் ரிங் ரம்பம் ஒன்று இருக்கிறது, அதே 14 இன்ச்சில் 10 அங்குலத்துக்கு மேல் போகும், ஆனால் அது தொழில்முறை ஆட்களின் சாமான். ஒரு வீட்டுக்காரர் அதை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அப்போ சின்ன மெஷின் வீண் என்று தோன்றும். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். வீட்டு வேலையில் முழு ஆழமும் வெட்ட வேண்டிய இடம் ரொம்பக் குறைவு. ரம்பத்தின் வேலை கோடு போடுவது, மீதியை உடைப்பது சுத்தியலும் உளியும் பிரேக்கரும் (இடித்து உடைக்கும் மெஷின்). 100 மி.மீ. கம்பியில்லாத தளத்தில் குழாய்க்கு வாய்க்கால் எடுக்க இரண்டு பக்கமும் 25, 30 மி.மீ. வெட்டிவிட்டு நடுவிலிருந்து பிரேக்கரைப் போட்டால் பெரும்பாலும் கோட்டோடு ஒட்டித்தான் உடைகிறது. அடிப்பக்கம் கரடுமுரடாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? மேல் விளிம்பு மட்டும் நேராக நின்றால் போதும், மறுபடி பூசும்போது ஒட்டுப்போட்டது தெரியாது. சுவர்க் காடியும் இதே கதைதான், இரண்டு இணைக்கோடு வெட்டி நடுவை உளியால் தட்டி எடுப்பது.

அதனால் நான் அதிகம் கையில் எடுப்பது மார்பிள் கட்டரைத்தான். அடியில் தட்டு இருப்பதால் ஆழத்தை மாற்றி வைக்கலாம், ஒரு ரீப்பர் கட்டையைத் தரையில் அழுத்திப் பிடித்து அதை ஒட்டித் தள்ளினால் கோடு நேராகப் போகும், பிளேடு பக்கவாட்டில் முறுக்காது. முதல் ஓட்டத்தில் ஐந்து மி.மீ. மட்டும் கீறிக்கொள்ள வேண்டும், அந்தக் கீறலே அடுத்த ஓட்டத்துக்கு வழிகாட்டும், அப்புறம் பத்து பத்து மி.மீ. ஆக இறங்கலாம். ஒரே மூச்சில் முழு ஆழம் இறக்குபவர்களின் கோடு எங்கேயாவது வளைந்திருக்கும், பிளேடும் சூடேறி நெளிந்திருக்கும்.

9 இன்ச் கிரைண்டர் எனக்குப் பிடிக்காத மெஷின், மறைக்க ஒன்றுமில்லை. ஐந்து கிலோவைத் தாண்டும் எடை, நிமிஷத்துக்கு 6,500 சுற்று பக்கம், ஸ்விட்சைப் போட்டதும் கையை முறுக்கும் உதறல் (மெதுவாகச் சுழலத் தொடங்கும் சாஃப்ட் ஸ்டார்ட் உள்ளது என்றால் பரவாயில்லை). தரையில் குனிந்து வெட்ட ஓரளவு சரி. தோளுக்கு மேல் தூக்குவது, ஏணியில் நின்று வெட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். 75 மி.மீ. ஆழம் தேவைப்படும் நாளில் 14 இன்ச் வாடகை ரம்பமே மேல் என்பது என் முடிவு. மரம் அறுக்கும் சர்க்குலர் ரம்பத்தில் டைமண்ட் பிளேடு (விளிம்பில் வைரத் துகள் பதித்தது) போட்டு வெட்டுபவர்களும் உண்டு. வெட்டும்தான், தட்டு பெரிதாக இருப்பதால் கோடும் அழகாக வரும், ஆனால் தூள் போய்க் கீழ்க் கார்டில் அடைத்து அது மூடாமல் நின்றுவிடும், பேரிங்கும் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். தண்ணீர் விடுவதைப் பற்றி நினைக்கவே கூடாது.

மெஷினைவிட முக்கியம் பிளேடு. கருப்பாக இருக்கும் சிலிக்கான் கார்பைடு கட்டிங் வீல் கான்கிரீட்டை வெட்டும், ஆனால் வெட்ட வெட்டத் தானும் தேய்ந்து சிறிதாகிக்கொண்டே போகும், கூடவே ஆழமும் குறையும். ரெசினில் கட்டிய வீல் என்பதால் அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு, நடுவிலுள்ள உலோக வளையத்தில் பொறித்திருப்பார்கள், பார்க்காமல் பழைய வீலை மாட்டினால் சிதறலாம். நான் அதை விட்டு டைமண்டுக்கு வந்து ரொம்ப காலம் ஆகிறது. அதில் விளிம்பு பற்களாகப் பிரிந்திருப்பது செக்மென்ட், வேகமாக வெட்டும், ஓரம் கொஞ்சம் உதிரும், கான்கிரீட்டுக்கு அதுதான். விளிம்பு முழுதாக இருப்பது டைலுக்கு. டர்போ என்ற வகை இரண்டுக்கும் நடுவில்.

பெட்டியில் எழுதியிருந்தும் யாரும் படிக்காதது ஒன்று உண்டு, பிளேடு எந்தப் பொருளுக்கு என்பது. வெட்டுவது வைரத் துகள்தான், அதைப் பிடித்து வைத்திருப்பது உலோகப் பிணைப்பு. மேலே உள்ள துகள் மழுங்கியதும் பிணைப்பு தேய்ந்து அடுத்த துகள் வெளியே வர வேண்டும், அப்போதுதான் பிளேடு தொடர்ந்து வெட்டும். கருங்கல் ஜல்லி போட்ட பழைய கெட்டிக் கான்கிரீட்டுக்கு மிருதுவான பிணைப்பு வேண்டும், மணல் அதிகமாக உதிரும் புதுக் கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் கெட்டிப் பிணைப்பு வேண்டும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். மாற்றிப் போட்டால் ஒன்று, பிளேடு வாரத்தில் கரைந்துபோகும், இல்லாவிட்டால் வெட்டாமல் கீச்சிட்டுக்கொண்டே நிற்கும்.

கீச்சிட்டு நிற்கும் பிளேடை மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆறிய பிறகு விரலால் தடவிப் பாருங்கள். பற்கள் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். பிளேடு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மணல் நிறைந்த மட்டமான செங்கல்லோ, உதிரும் மணற்கல்லோ எடுத்து அதில் சில தடவை மெதுவாக வெட்டினால் போதும், பிணைப்பு தேய்ந்து புதுத் துகள் வெளியே வரும், மறுபடி தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு கைக்குத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் சின்ன வால் மாதிரி உலோகம் நீண்டிருப்பதும் தெரியும். பிளேடை மாட்டும்போது அம்புக்குறி அழிந்திருந்தால் அந்த வாலைப் பார்த்தே சுற்றும் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பிளேடை இப்படியே உயிர்ப்பித்து உயிர்ப்பித்துப் பற்கள் மெல்லிய விளிம்பாகும் வரை ஓட்டினேன். உலர் வெட்டில் பிளேடை அவ்வப்போது வெளியே எடுத்துச் சில நொடி வெறுமனே சுழல விடுவதும் ஆயுளைக் கூட்டுகிறது, காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி.

உள்ளே கம்பி இருந்தால் சத்தமே சொல்லிவிடும். சீறிக்கொண்டிருந்தது திடீரென்று கூர்மையாக ஓலமிடும், பொறி மஞ்சளாகத் தெறிக்கும், இரும்பு வாசனை வரும். டைமண்ட் பிளேடில் கம்பியையும் அறுக்க முடியும், ஆனால் அதன் ஆயுள் அங்கேயே தீரும். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அது வெட்டலாமா கூடாதா என்று முதலில் யோசிப்பேன். தரையில் போட்ட தளம் என்றால் சுற்றிலும் உடைத்துக் கம்பியை வெளியே எடுத்து இரும்புக்கான வீலில் தனியாக வெட்டலாம். தலைக்கு மேலிருக்கும் தளம், பீம், தூண் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கோடுகூடக் கிழிக்கக் கூடாது. இழுவிசையில் கட்டிய கேபிள் ஓடும் தளங்களும் இருக்கின்றன, அறுபட்டால் அந்தக் கேபிள் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம். எடையையும் மறந்துவிட வேண்டாம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ, இரண்டடிக்கு இரண்டடி, நான்கு இன்ச் கனத்தில் ஒரு துண்டு எடுத்தால் 80 கிலோவைத் தாண்டும். அதைக் கையால் தூக்கலாம் என்று திட்டம் போடுபவர் சின்னத் துண்டுகளாக வெட்டத் திட்டம் போடுவது நல்லது.

இப்போது தூசி. இத்தனை வருஷத்தில் எனக்கு உண்மையான செலவு என்று தோன்றுவது இதுதான், பிளேடோ கரண்டோ இல்லை. கான்கிரீட் தூளில் படிகச் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயை வரவழைக்கும், புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்காவில் 2016 விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் வரம்பு, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு. மூடிய அறையில் கிரைண்டரை உலர்வாக ஓட்டினால் எதிர்ச்சுவர் மறைந்துபோகும், அப்படியென்றால் எத்தனை மடங்கு என்று யோசித்துப் பாருங்கள். பெரிய துகள் கீழே விழுந்து அறை தெளிந்துவிட்ட பிறகும் நுண்ணிய தூள் மணிக்கணக்கில் மிதக்கும், ஆபத்தும் அதில்தான். கைக்குட்டை கட்டுவது சுத்த ஏமாற்று. குறைந்தது என்95 முகமூடி, நீண்ட வேலைக்கு பி100 வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி. தாடி இருந்தால் இந்த முகமூடியிலும் ஓரத்தில் காற்று ஒழுகும். கூடவே காதடைப்பான், பக்கமும் மூடிய கண்ணாடி.

முகமூடியைவிட நல்ல வழி தூளைப் பிறக்கவே விடாமல் செய்வது. வெளியே, தரையில் என்றால் எப்போதும் தண்ணீரோடுதான் வெட்டுகிறேன், அதுவும் தண்ணீருக்கென்றே செய்த கட்டரில் மட்டும். சாதாரண கிரைண்டர்மீது ஒருவர் பாட்டிலில் தண்ணீர் ஊற்ற, மற்றவர் வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், மோட்டாருக்குள் போகும் ஈரம் எந்த வழியாகக் கைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் நான் ஈர வேலை செய்வதில்லை. எக்ஸ்டென்ஷன் இணைப்பும் தரையில் கிடக்காமல் உயரத்தில் தொங்க வேண்டும். அறைக்குள், சுவரில் என்றால் கிரைண்டருக்குத் தூசி உறிஞ்சும் மூடி மாட்டி நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வாக்குவத்தோடு இணைத்து வெட்டுகிறேன். வீட்டு வாக்குவம் கிளீனர் ஒரே நாளில் மூச்சடைத்துவிடும். பெருக்குமாறு எடுக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

ஈர வெட்டில் வரும் கூழும் லேசுப்பட்டதல்ல. காரத்தன்மை அதிகம், முட்டி போட்டு அதில் உட்கார்ந்து வேலை செய்தால் அப்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்திருக்கும். முட்டிக்கு நீர்புகா பேடும் ரப்பர் கையுறையும் கட்டாயம். அந்தக் கூழில் ஒரு நன்மையும் உண்டு, சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது பழுப்பாக மாறினால் பிளேடு தளத்தைத் தாண்டி மண்ணைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

உதைப்பு பற்றிச் சுருக்கமாக. பிளேடின் முன்பக்க மேல் கால்வட்டம் எதிலாவது மாட்டினால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், துண்டு சாய்ந்து பிளேடை நெருக்கினாலும் அப்படித்தான். கார்டைக் கழற்றாதீர்கள், இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும், வெட்டும் கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

புதுத் தளத்தில் ஜாயிண்ட் வெட்டும் வேலைக்குச் சின்னக் கட்டர் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். தளத்தின் கனத்தில் கால்வாசி ஆழம் போதும், 100 மி.மீ. தளத்துக்கு 25 மி.மீ., இடைவெளி கனத்தைப்போல 24 முதல் 36 மடங்கு, அதாவது இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் வாக்கில். ஓரம் உதிராத அளவுக்கு இறுகியதுமே, முதல் நாளுக்குள் வெட்டிவிட வேண்டும். நிதானமாக அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் தளம் தனக்குப் பிடித்த இடத்தில் தானே விரிசல் விட்டுக்கொள்ளும்.

மூலைகள் மட்டும் எந்த வட்ட ரம்பத்திலும் சுத்தமாக வராது. பிளேடு வட்டம் என்பதால் மேலே மூலையைத் தொடும்போது கீழே இன்னும் வெட்டாத பகுதி மிச்சமிருக்கும், முழுதாக வெட்ட நினைத்தால் மேலே கோடு தாண்டிப் போகும், அங்கிருந்துதான் பிறகு விரிசல் கிளம்பும். நான் மூலையில் முதலிலேயே டிரில்லில் ஓட்டை போட்டு வைத்துவிட்டு, கோட்டை அந்த ஓட்டையோடு நிறுத்தி, மிச்சத்தை உளியால் முடிக்கிறேன்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. வேலை முடிந்ததும் வெளியே வைத்து, முகமூடியைக் கழற்றாமல், ப்ளோயரால் காற்றுத் துளைகளை ஊதுவது, மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ் குட்டையாகும் முன் மாற்றுவது, மெல்லிய நீண்ட வயரில் ஓட்டி மோட்டாரைச் சூடாக்காமல் இருப்பது. மார்பிள் கட்டரின் கார்டையும் தட்டையும் மட்டும் அன்றன்றே கழுவ வேண்டும், காய்ந்தால் சுரண்டத் தனியாக ஒரு நாள் ஆகும். பெட்ரோல் ரம்பத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ கதவு திறந்த கேரேஜிலோகூட ஓட்ட வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கூழை வாளியில் சேர்த்து ஒரு நாள் விட்டால் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், காரம் அப்படியே இருக்கும். அடியில் இறுகியதை இடிபாடுகளோடு போட்டுவிடலாம். சாக்கடையில் மட்டும் கொட்டக் கூடாது, குழாய்க்குள் போய் இறுகிக்கொண்டால் அதை எடுக்க மறுபடி தளத்தை வெட்ட வேண்டியிருக்கும்.