ஆம்பிளிஃபயர் பவர் சப்ளைக்கு எந்த டையோடு? ஒன்பது ஆண்டு அனுபவம்

2016இல் எங்கள் வீட்டு ஆம்பிளிஃபயரை நானே கட்டினேன். டிடிஏ7294 ஐசி இரண்டு, 24-0-24 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று, 10,000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கண்டென்சர் இரண்டு. டிரான்ஸ்பார்மர் வாங்க நாள்கணக்கில் அலைந்தேன். டையோடுக்கு மட்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நான்கு 1என்5408ஐ அப்படியே வாங்கிவந்து போர்டில் பற்றவைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் பழுதாகி மாற்றிய பாகம் ரெக்டிஃபயர், அதாவது ஏசியை டிசியாக்கும் அந்த டையோடுப் பகுதி, மட்டும்தான்.

2018 பொங்கலன்று, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபியூஸ் போனது. திறந்து பார்த்தால் டையோடுகளுக்கு அடியில் போர்டு தேன் நிறத்தில் கருகியிருந்தது. மீட்டரை வைத்தேன், ஒரு டையோடு இரு பக்கமும் சுழியம் காட்டியது. ஷார்ட். ஃபியூஸ் சரியான அளவில் இருந்ததால் கண்டென்சர்கள் பிழைத்தன. இல்லையென்றால் ஏசி நேராக அவற்றுக்குள் பாய்ந்து வெடித்திருக்கும்.

1என்5408 மோசமான டையோடு என்று இதற்குப் பொருள் இல்லை. அது 3 ஆம்பியர், 1000 வோல்ட் டையோடு. அந்த 3 ஆம்பியர் கணக்கு, கால் சுமார் 9.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்போது தரப்பட்ட கணக்கு என்று டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. அதன் சூடு வெளியேறும் வழியே அந்தக் கால்கள்தான். நானோ அழகாக இருக்க வேண்டும் என்று கால்களை ஒட்ட நறுக்கி, உடலைப் போர்டோடு படுக்கவைத்திருந்தேன். கால்களை நீளமாக விட்டு, போர்டிலிருந்து உயர்த்தி வைத்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கும்.

இடையில் கடையில் வாங்கிய ஒரு பிரிட்ஜும் (நான்கு டையோடும் ஒரே உடலில் அடங்கியது) என்னை ஏமாற்றியது. மேலே 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அரை மணி நேரத்தில் விரல் வைக்க முடியாத சூடு. மறுநாளே கழற்றிவிட்டு, வேறு கடையில் கனமான கேபிபிசி3510 ஒன்றை வாங்கினேன். நான்கு கால்களில் மூன்று ஒரே திசையில் நிற்கும், ஒன்று மட்டும் குறுக்காகத் திரும்பியிருக்கும். அதுதான் பிளஸ். அதற்கு எதிர்மூலை மைனஸ், மற்ற இரண்டும் ஏசி. ஹீட் சிங்க் பசையை மெல்லியதாகத் தடவி, நடுத்துளை வழியாகப் பெட்டியின் அலுமினியத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கினேன். இரண்டு மணி நேரம் சத்தமாகக் கேட்ட பிறகும் கைவைத்தால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது.

5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மருக்கு 35 ஆம்பியர் பிரிட்ஜ் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சுவிட்சைப் போடும் நொடியை நினைத்துப் பாருங்கள். காலியான கண்டென்சர் அப்போது ஷார்ட்டுக்குச் சமம். சுருளின் மின்தடையும் வயரும் சேர்ந்து அரை ஓம் என்று வைத்தால்கூட, 24 வோல்ட் ஏசியின் உச்சமான 34 வோல்ட்டை அரையால் வகுத்தால் 68 ஆம்பியர். 1என்4007 ஒரு முறை தாங்கும் உச்சம் 30 ஆம்பியர், 1என்5408 தாங்குவது 200, கேபிபிசி3510 தாங்குவது 400. ஓடும்போதும் நிலைமை அப்படித்தான்: கண்டென்சர் நிரம்புவது ஒவ்வொரு அரைச் சுழற்சியின் உச்சியிலும் சிறிது நேரம் மட்டுமே. ஆகவே சராசரி 2 ஆம்பியர் என்றால் டையோடு வழியே பாயும் துடிப்பு அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஸ்டீரியோ ஆம்பிளிஃபயருக்கு 1என்4007 போடுவோரைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

வோல்ட்டேஜில் அத்தனை கவலை இல்லை. இரவில் எங்கள் தெருவில் மின்சாரம் 250 வோல்ட்டைத் தொடும்போது சப்ளையின் ஒவ்வொரு பக்கமும் 37 வோல்ட் வரை ஏறுகிறது. சென்டர் டேப், அதாவது சுருளின் நடுமுனை, உள்ள டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்த பிரிட்ஜில் ஒவ்வொரு டையோடும் இரு பக்கத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும், அதாவது சுமார் 75 வோல்ட். 200 வோல்ட் டையோடே தாராளம். வோல்ட் இழப்பு குறைவான ஷாட்கி வகையில் 100 வோல்ட் டையோடான எம்பிஆர்20100ஐ இதனால்தான் தவிர்த்தேன். அது மிச்சம் பிடித்துத் தருவது 34 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வராது. அதற்காக லைனில் வரும் ஒரு திடீர் எழுச்சியில் அதைப் பலிகொடுக்க மனம் வரவில்லை.

2020 ஊரடங்கில் நேரம் கிடைத்தது. வேகமாக அணையும் டையோடு போட்டால் ஒலி தெளிவாகும் என்று பலர் சொல்லக் கேட்டு, நான்கு எம்யுஆர்860 வாங்கினேன். முதுகுத் தகடே டையோடின் ஒரு முனை (கேத்தோடு) என்பதால் ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கடத்தாத மைக்கா வைத்து இறுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் அதே பாடல்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். என் காதுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. மாற்றம் தெரிந்த இடம் வேறு. ஆம்பிளிஃபயருக்கு அருகே மீடியம் வேவ் ரேடியோவில் திருச்சி நிலையத்தை, 936 கிலோஹெர்ட்ஸை வைத்தால் பழைய பிரிட்ஜில் ஒரு கரகரப்பு கேட்கும். எம்யுஆர்860 போட்டதும் அது அடங்கியது. டையோடு அணையும் கணத்தில் டிரான்ஸ்பார்மர் சுருளில் மின்னோட்டம் அதிர்வதால் வரும் குறுக்கீடு அது. பிறகு பழைய ரேடியோ செட்டுகளில் பார்த்த வழக்கத்தை நினைத்து, கேபிபிசியைத் திரும்பப் போட்டு ஒவ்வொரு டையோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வைத்தேன். கரகரப்பு அதே அளவுக்கு அடங்கியது. அன்றிலிருந்து கேபிபிசிதான்.

ஹம்மிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் எல்லோரும் டையோடை மாற்றுகிறார்கள். எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஸ்பீக்கரில் மெல்லிய ஹம்மிங் இருந்தது. எந்த டையோடு போட்டும் போகவில்லை. போர்டுக்கான கிரவுண்டை, சென்டர் டேப்பிலிருந்து கண்டென்சருக்குப் போகும் வயரின் நடுவில் எடுத்திருந்தேன். சார்ஜ் ஆகும் துடிப்பு முழுவதும் அந்த வயரில்தான் ஓடுகிறது. இணைப்பை அங்கிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இரு கண்டென்சர்களும் சேரும் புள்ளிக்குப் பின்னால் மாற்றிப் பற்றவைத்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தும் ஒன்றும் கேட்கவில்லை.

கடந்த ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். பிரிட்ஜின் போல்ட் கால் சுற்று இறுகியது, பசை இன்னும் ஈரமாகவே இருந்தது. மீந்த 1என்5408கள் மூன்றும் இப்போது பேட்டரி சார்ஜர் ஒன்றில், கால்கள் நீளமாக, போர்டுக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன.