ராஸ்பெரி பை: நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய 35 டாலர் கணினி

கடன் அட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை. எடை 45 கிராம். பெட்டி கிடையாது, மூடி கிடையாது, விசைப்பலகையோ சார்ஜரோ உடன் வராது. ராஸ்பெரி பை ‘மாடல் பி’ 2012 ஜூன் மாத இறுதியில் இப்படித்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிப்ரவரி 29 அன்று பிரித்தானிய நேரம் காலை ஆறு மணிக்கு விற்பனை தொடங்கியபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்திருந்த பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். ஆகவே பலகை கைக்கு வந்த நாளிலிருந்து மட்டும் அதை மதிப்பிட என்னால் இயலவில்லை. காத்திருந்த அந்த நான்கு மாதங்களும் இந்தப் பொருளைப் பற்றியும் அதைச் செய்தவர்களைப் பற்றியும் எனக்கு நிறையவே சொல்லியிருக்கின்றன. 2012 ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஏறத்தாழ இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

இதைத் தயாரித்திருப்பது கேம்பிரிட்ஜில் 2009-இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும், அப்படி விண்ணப்பிப்பவர்கள் முன்கூட்டியே நிரல் எழுதிப் பழகியிருக்கும் அளவும் குறைந்துகொண்டே போவதைக் கண்ட, அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவரான ஈபென் அப்டனும் அவருடைய சகாக்களும், 1980-களில் பிரித்தானியப் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ என்ற கணினி வகித்த இடத்தை இன்று வகிக்க ஒரு மலிவான கணினி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிபிசி மைக்ரோவைப் போட்டவுடன் திரையில் தோன்றியது நிரல் எழுதும் இடம்தான். விளையாட வேண்டும் என்றாலும் நாலு கட்டளையைத் தட்டித்தான் ஆக வேண்டும். இன்று வீட்டில் இருக்கும் கணினியோ குடும்பத்தின் வங்கிக் கணக்கு முதல் புகைப்படம் வரை எல்லாவற்றையும் சுமந்திருப்பதால், ‘அதைத் தொட்டுக் கெடுத்து வைக்காதே’ என்ற அதட்டலே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் பாடமாக இருக்கிறது. கெட்டாலும் கவலைப்பட வேண்டாத விலையில் ஒன்றைத் தருவதே இவர்களின் நோக்கம்: 2012-இல் ‘மாடல் ஏ’ 25 டாலர், ‘மாடல் பி’ 35 டாலர். பெயர்களும் பிபிசி மைக்ரோவிடமிருந்து எடுத்துக்கொண்டவைதாம். 2012 ஆகஸ்ட் வரை அவற்றுள் ‘பி’ மட்டுமே விற்பனைக்கு வந்திருந்தது.

2011 முடிவதற்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்ட பலகை அது. ஜனவரியில்தான் உற்பத்தியே தொடங்கியது, அதுவும் சீனாவில். உதிரி பாகங்களைப் பிரித்தானியாவுக்கு இறக்குமதி செய்தால் தீர்வை உண்டு, முழுதாகச் செய்து முடித்த பலகையை இறக்குமதி செய்தால் அது கிடையாது என்ற விசித்திரமான விதியும் அதற்கு ஒரு காரணம் என்று அறக்கட்டளையினர் வெளிப்படையாகவே எழுதினார்கள். அதே ஜனவரியில் பத்துச் சோதனைப் பலகைகளை இணைய ஏலத்தில் விட்டதில் 16,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. முதல் எண் இட்ட பலகை மட்டும் 3,500 பவுண்டுக்குப் போயிற்று. ஆர்வம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அதுவே அறிகுறியாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் பிப்ரவரி 29 காலை, உற்பத்தி உரிமத்தையும் விற்பனையையும் ஏற்றிருந்த பிரீமியர் ஃபார்னெல், ஆர்எஸ் காம்போனென்ட்ஸ் என்ற இரு பெரிய நிறுவனங்களின் தளங்களும் வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் படுத்துவிட்டன. ஆளுக்கு ஒன்றுதான் என்ற கட்டுப்பாடு இருந்தும் முதல் தொகுதியான 10,000 பலகைகள் எந்த மூலைக்கும் போதவில்லை.

அதன் பின் வந்த தாமதங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அவை வாங்குபவருக்குப் பயன்படும் செய்திகள். மார்ச் இரண்டாம் வாரத்தில் தெரியவந்தது, தொழிற்சாலை ஈதர்நெட் கம்பி செருகும் இடத்தில் தவறான பாகத்தைப் பொருத்தியிருக்கிறது என்பது. சரியான பாகத்துக்குள் மிகச் சிறிய மின்மாற்றிகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் கம்பிக்கும் பலகைக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல், சமிக்ஞை மட்டும் கடந்து செல்ல அவையே வழி செய்கின்றன. பொருத்தப்பட்டதோ பார்வைக்கு அதே போன்ற, உள்ளே அவை இல்லாத வேறொன்று. ஆக, பற்றவைத்ததை உருக்கிக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. அது முடிவதற்குள் அடுத்த சிக்கல்: ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களை விற்பதற்குத் தேவையான சிஇ முத்திரை. இது பொறியாளர்களுக்கான சோதனைப் பலகை, முடிவுற்ற நுகர்பொருள் அன்று, ஆகவே முத்திரை தேவையில்லை என்பது அறக்கட்டளையின் எண்ணம்; முத்திரை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்பது விற்பனையாளர்களின் நிலை. பலகையை சவுத் வேல்ஸில் உள்ள ஒரு சோதனைக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, அது வெளிவிடும் மின்காந்த இரைச்சலை அளந்து, ஏப்ரல் தொடக்கத்தில் தேர்ச்சி பெற்றார்கள். வன்பொருளில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. ஏப்ரல் நடுவில் முதல் பலகைகள் வாங்கியவர்களைச் சென்றடைந்தன.

இந்தத் தாமதங்களில் எனக்குக் கோபம் வந்தது ஒன்றில்தான். ஈதர்நெட் பாகம் மாறிப்போனது தொழிற்சாலைத் தவறு, யாருக்கும் நேரக்கூடியது. சிஇ முத்திரை விவகாரம் அப்படியன்று. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போவதாக மாதக்கணக்கில் அறிவித்துக்கொண்டிருந்த ஒரு பொருளை, சட்டத்தின் முன் மட்டும் பொறியாளர்களின் பலகை என்று சொல்லித் தப்ப நினைத்தது சரியான வாதமாக எனக்குப் படவில்லை. விற்பனையாளர்கள் பிடிவாதம் பிடித்தது நல்லதாயிற்று. அதே சமயம், ஒவ்வொரு இடறலையும் அன்றன்றே, இன்ன பாகம், இன்ன காரணம் என்று சொல்லிவிட்ட நேர்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனம் எதுவும் ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்ற ஒரு வரியோடு முடித்திருக்கும்.

இனி பலகை. அதன் மையத்தில் பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்2835 சில்லு இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதன் தலைமேல் ஏற்றி ஒட்டப்பட்ட 256 எம்பி நினைவகச் சில்லுதான். ஒருபுறம் எச்டிஎம்ஐ, மறுபுறம் பழைய தொலைக்காட்சிக்கான மஞ்சள் செருகி, இரண்டு யுஎஸ்பி, ஈதர்நெட், ஒலிக்கான துளை. வட்டு என்று எதுவும் இல்லை. அடிப்பக்கத்தில் செருகும் எஸ்டி அட்டையிலிருந்தே எல்லாம் இயங்கும், அந்த அட்டையும் பலகைக்கு வெளியே நாக்கை நீட்டியது போல் துருத்திக்கொண்டு நிற்கும். மின்சாரம் செருகும் இடத்துக்கு அருகில் வெள்ளிநிற உருளை வடிவ மின்தேக்கி ஒன்று நிற்கிறது. சார்ஜர் கம்பியைப் பிடுங்கும்போது கட்டைவிரல் இயல்பாகவே அதன்மேல் போய் அழுத்துகிறது. மின்விசை நிறுத்தும் பொத்தான் இல்லாத கணினியில், தினமும் பலமுறை கம்பியைப் பிடுங்க வேண்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெயர்ந்துவிடக்கூடிய பாகத்தை வைத்தவர் யோசித்து வைத்திருக்கலாம்.

முதல் நாள் எனக்கு நன்றாக அமையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, திரையின் மூலையில் ஒற்றை ராஸ்பெரிப் பழம் தோன்றியது, வரிகள் ஓடின, பயனர் பெயர் கேட்டது. ‘பை’ என்று தட்டினால் ஓரெழுத்து ஆறேழு முறை விழுந்தது. சுட்டி நடுவில் நடுவில் செத்துப்போனது. பலகை பழுது என்றே நினைத்தேன். பலகையில் டிபி1, டிபி2 என்று குறித்த இரண்டு புள்ளிகளில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்து அளந்தபோதுதான் விஷயம் விளங்கியது: குறைந்தது 4.75 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.6 மட்டுமே இருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசி சார்ஜரின் வேலை அது. ஒரு ஆம்பியர் தரும் வேறொரு சார்ஜரை மாட்டியதும் 4.9-க்கு ஏறியது, விசைப்பலகையும் ஒழுங்குக்கு வந்தது. யுஎஸ்பி துளை ஒவ்வொன்றும் 140 மில்லி ஆம்பியர் அளவுக்கே மின்சாரம் தரும்படி தற்காப்பு உருகி வைத்திருக்கிறார்கள் என்பதால், விளக்கெரியும் ஆடம்பர விசைப்பலகைகள் இதற்குச் சரிப்படா. வீட்டில் இருப்பதிலேயே மலிவான, சாதாரண விசைப்பலகையே உத்தமம்.

வேகத்தைப் பற்றிச் சொல்வதானால், ஒரே பலகைக்குள் இரண்டு கணினிகள் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் செயலி, பத்தாண்டுக்கு முந்தைய மேசைக் கணினியை நினைவூட்டுகிறது. இணையப் பக்கம் ஒன்று முழுதாக வருவதற்குள் தேநீரில் ஆடை படிந்துவிடும். ஆனால் அதே சில்லில் உள்ள, படக்காட்சி வேலைகளுக்கான வீடியோகோர் பகுதி, முழு உயர்தெளிவு காணொளியைத் தடங்கலே இல்லாமல் ஓட்டுகிறது. முதலில் கிடைத்த டெபியன் லினக்ஸ் இயங்குதளப் பதிப்பு, தசம எண் கணக்குகளுக்காகச் செயலியில் உள்ள வன்பொருளைப் பயன்படுத்தாமலே இருந்தது. ஜூலையில் வந்த, இந்தப் பலகைக்கென்றே தகவமைத்த டெபியனான ராஸ்பியன் அந்தக் குறையைப் போக்கியதும் வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவியபின் தமிழும் உடையாமல் வருகிறது. கடிகார மின்கலம் இல்லாததால், இணையம் இல்லாத இடத்தில் தேதியை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். முறையாக அணைக்காமல் கம்பியைப் பிடுங்கியதில் என் எஸ்டி அட்டை ஒருமுறை கெட்டது. அரை மணி நேரத்தில் மீண்டும் எழுதிச் செருகினேன், கணினி புதிதாகப் பிறந்தது. கெட்டாலும் கவலையில்லை என்ற நோக்கம் உண்மையில் நிறைவேறியிருப்பது இந்த இடத்தில்தான்.

மூலையில் வரிசையாக நிற்கும் 26 ஊசிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் மகளுக்குப் பதினொரு வயது. இயங்குதளத்தோடு வரும், குழந்தைகள் நிரல் எழுதிப் பழகுவதற்கான ஸ்கிராட்ச் மென்பொருளில் பூனையை நகர்த்தும் வேலை அவளை அரை மணி நேரம்கூடப் பிடித்து வைக்கவில்லை; பூனையும் தயங்கித் தயங்கித்தான் நடந்தது. ஒரு ஞாயிறன்று 330 ஓம் மின்தடை ஒன்றையும் சிவப்பு எல்இடி விளக்கு ஒன்றையும் ஊசிகளில் கோத்து, பைதான் நிரல்மொழியில் எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. காத்திருக்கும் நொடியை 1-லிருந்து 0.1 ஆக்கிப் பார் என்றேன். மாற்றிவிட்டு, “அப்பா, இது நான் சொன்னதைக் கேக்குது” என்றாள். அன்று இரவு உணவுக்கு அவளை மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்த ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா, நடுவே எந்தப் பாதுகாப்பும் கிடையாது, 5 வோல்ட் ஊசியும் அதே வரிசையில்தான் நிற்கிறது. கம்பி ஒன்று தவறி அங்கே பட்டால் சில்லோடு போய்விடும். குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பள்ளிக்கு இன்று பரிந்துரைக்க மாட்டேன். இங்கிலாந்தின் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் 2012 ஜனவரியில், மென்பொருள் பயன்பாட்டை மட்டுமே கற்பிக்கும் பழைய தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்த உரையில் ராஸ்பெரி பையின் பெயரைச் சொன்னார். அதிலிருந்து பள்ளிகளின் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. 2012-இல் பள்ளிகளில் இருக்கும் திரைகளில் பெரும்பகுதி பழைய விஜிஏ வகை. இந்தப் பலகையில் அந்த வெளியீடு இல்லை, அதற்கான மாற்றியின் விலையோ பலகையின் விலையில் பெரும்பங்கைத் தொடுகிறது. மூடியற்ற பலகைகள் முப்பதை முப்பது பிள்ளைகள் கையில் கொடுத்தால் எத்தனை மின்தேக்கிகள் மிஞ்சும் என்று நான் மேலே சொன்னதிலிருந்தே ஊகிக்கலாம். மேசைமேல் வைத்துப் பயன்படுத்துவதற்கான கையேடும், ஆசிரியருக்கான பாடங்களும் பலகையோடு வரவில்லை. இந்த 2012 வெளியீடு நிரலாளர்களுக்கானது, மூடியும் பாடப்பொருள்களும் சேர்ந்த கல்விப் பதிப்பு பிறகு வரும் என்று அறக்கட்டளை சொல்லியிருக்கிறது. ஈதர்நெட் பாகத்தால் போன வாரங்களைவிட எனக்குப் பெரிதாகப் படும் தாமதம் இதுதான்.

விலையையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வரியும் அனுப்புச் செலவும் சேர்ந்து பலகை எனக்கு 30 பவுண்டைச் சற்றே தாண்டியது. எஸ்டி அட்டை, சார்ஜர், எச்டிஎம்ஐ கம்பி, மின்சாரம் தனியாகப் பெறும் யுஎஸ்பி பகிர்வி ஆகியவற்றையும் கூட்டினால், ஏற்கெனவே எதுவும் இல்லாத வீட்டில் தொகை அதைப்போல் இரண்டு மடங்கை எட்டிவிடும், திரை வேறு. 2012 ஜூலை நடுவில் ஆளுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு நீங்கிவிட்டது, அப்போது நாளொன்றுக்கு 4,000 பலகைகள் தயாராயின என்கிறார்கள். முதல் பலகை மகளின் மேசைக்குப் போய்விட்டதால், நான் இரண்டாவது ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.