குழிந்த முதுகும் கோணல் கழுத்தும்

குதிரைக்குட்டிக்கு முதுகெலும்பில் பிறவிக் கோளாறு என்றதும் பலர் நினைப்பது தூளிபோல் தொய்ந்த முதுகைத்தான். அமெரிக்காவின் சாடில்பிரெட் இனத்தில் அது பரம்பரையாக வருகிறது. அரேபியக் குட்டிகளுக்கு வருவது வேறு. அங்கே மண்டையோடும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் சேரும் இடமே கோணலாக உருவாகிவிடும். இரண்டில் பார்க்க அசிங்கமானது எதுவோ, அதுதான் சாது.

தொய்ந்த முதுகுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் அளவுநாடா போதும். தோள்மேட்டிலிருந்து பின்மேடு வரை முதுகோடு ஒட்டவைத்து ஒருமுறை, விறைப்பாக நேரே பிடித்து ஒருமுறை அளக்க வேண்டும். வித்தியாசம் 7 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கோளாறு என்று கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கு வைத்தார்கள். வயதான குதிரைக்கு முதுகு தளர்வது இதில் சேராது. இது இளவயதிலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட குதிரைகள் பல நன்றாகவே ஓடுகின்றன, ஆளையும் சுமக்கின்றன. தொல்லையெல்லாம் சேணத்தில்தான்: நடுவில் முதுகைத் தொடாமல் இரு முனைகளிலும் அழுத்தும். குழியை நிரப்பத் தனி மெத்தை வைக்க வேண்டும்.

கழுத்துக் கோளாறு அப்படியல்ல. சில குட்டிகள் செத்தே பிறக்கும். சில, பிறந்தபோது நன்றாக நின்றுவிட்டு, வாரங்களோ மாதங்களோ கழித்துத் தள்ளாடத் தொடங்கும். தலையை அசைத்தால் 'கடக்' என்று சத்தம் கேட்கலாம். கழுத்தை நீட்டியே வைத்திருக்கும். தண்டுவடம் நசுங்குவதுதான் காரணம். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், ஆனால் தெரிந்த பிறகு பெரும்பாலும் கருணைக்கொலைதான்.

சரி, இனப்பெருக்கத்துக்கு? இங்கே நிலைமை தலைகீழ். சாடில்பிரெட் முதுகை ஆராய்ந்தவர்கள் 2010இல் 20ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டினார்கள். ஆனால் ஒரு பகுதியைச் சுட்டுவது வேறு, குறிப்பிட்ட மரபணுவைப் பிடிப்பது வேறு. அரேபியக் கோளாற்றில் 2017இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார், டி.என்.ஏ.வில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதையே பிடித்துவிட்டார்கள். பிடரிமயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் சோதித்துச் சொல்கிறார்கள். இரண்டு பெற்றோரிடமும் அது ஒளிந்திருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஆனால் இந்த நோயின் எல்லாக் குட்டிகளிடமும் அந்த மாற்றம் இருப்பதில்லை. சோதனையில் தேறிய ஜோடிக்கும் இப்படி ஒரு குட்டி பிறக்கலாம்.

பக்கவாட்டில் வளைந்த முதுகு தனிக்கதை. லேசானது வளர வளர நிமிர்வதும் உண்டு.

என்னைக் கேட்டால், தொய்ந்த முதுகுக் குதிரையை ஏறி ஓட்ட வாங்குவேன், குட்டி போட விடமாட்டேன். அரேபியன் என்றால் சினைக்கு விடும் முன்பே மயிர் அனுப்பிவிடுவேன்.